ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்

என் மனைவி தண்ணீர் குடித்தாள் என்பதற்காக நான் அவளை அடித்தேன். எனக்கு அப்போது எழுபத்து மூன்று வயது, அவளுக்கு அறுபத்தொன்பது. என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு இதுவரை மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். மூன்றும் பொய். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் நான் டிராஃப்ட் சர்வேயராக இருந்தேன். ஒரு கப்பல் எத்தனை டன் நிலக்கரி கொண்டுவந்திருக்கிறது என்பதைத் தராசு இல்லாமல் சொல்வது என் வேலை. கப்பலின் மூக்கிலும் இடுப்பிலும் வாலிலும் எண்கள் எழுதியிருக்கும். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று சிறு படகில் போய்ப் பார்க்க வேண்டும். சரக்கு இறக்குவதற்கு முன் ஒரு முறை, இறக்கிய பின் ஒரு முறை. கப்பலின் அடித்தொட்டிகளில் நிரப்பி வைத்திருக்கும் தண்ணீரையும் நாடா இறக்கி அளக்க வேண்டும். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, அதைக் கழித்தால் சரக்கு. கணக்கு உதைத்தால் எங்கள் தொழிலில் ஒரே ஒரு காரணம்தான்: யாரோ ஒரு தொட்டியை மறைக்கிறார்கள். காலி என்று எழுதிக் கொடுத்த ஒரு கப்பல் அதிகாரியைக் காலரைப் பிடித்து அந்தத் தொட்டியின் வாய்க்கு இழுத்துப் போய், நாடாவை நானே இறக்கி, நனைந்த நுனியை அவன் கன்னத்தில் தேய்த்திருக்கிறேன். கம்பெனியில் என்னைப் பாராட்டினார்கள். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை.

"அந்த மனுசன் இத ஊர்ல போயி பொண்டாட்டிகிட்டச் சொல்லுவானா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதெல்லாம் தொடங்குவதற்கு முன்பே அவளை இரண்டு முறை அடித்திருக்கிறேன். நாற்பத்தைந்து ஆண்டில் இரண்டு முறைதானே என்று எனக்கு நானே நல்ல சான்றிதழும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் சிறுநீர்த் தொல்லை தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. திடீரென்று முட்டிக்கொண்டு வரும். வந்தால் அடக்க முடியாது. கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் சேலை நனைந்துவிடும். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வாள். ஞாயிறு ஆராதனைக்குப் போகும் கோயிலில் பாடகர் வரிசையை விட்டுவிட்டு, கதவோரம் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். இதையெல்லாம் நான் கவனித்தேன். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

வெளிவந்தது அசனத்தில்தான். நாசரேத் பக்கத்தில் அவள் பிறந்த ஊர்க் கோயில் பண்டிகை. ஊர் முழுவதும் ஒரே பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்தை எங்களில் அசனம் என்பார்கள். பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்திலிருப்பவர்கள் முடிக்கும்வரை எழக்கூடாது. எழுந்தால் சோற்றை அவமதித்ததாக ஆகும். அவள் பாதிச் சாப்பாட்டில் இரண்டு முறை என்னை எட்டிப் பார்த்தாள். நான் உட்கார் என்று கண்ணைக் காட்டினேன். மூன்றாவது முறை அவள் பார்க்கவில்லை. பந்தி எழுந்தபோது அவள் உட்கார்ந்திருந்த பாயில் ஈரம் பரவியிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் ரசம் கொட்டிவிட்டது என்று நினைத்துத் துணியோடு வந்தான். கிட்டே குனிந்தவன், சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

காரில் ஏறும்போது சீட்டில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

"ஏளா, ஒரு அரைமணி நேரம் அடக்கி ஒக்கார முடியாதா ஒனக்கு? பச்சப்புள்ளையா நீ?"

"பச்சப்புள்ளன்னா யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாவ. நான் எந்திரிச்சுல்லா போகணும். நீங்கதான் கண்ண உருட்டுனீய."

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி அவள் தோளில் குத்தினேன். குத்திய வேகத்தில் அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் போய் இடித்தது. தேரிக்காட்டுச் செம்மண் காற்றோடு வந்து கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.  தூத்துக்குடி வரை அவள் அசையும்போதெல்லாம் காகிதம் மட்டும் சத்தம் போட்டது.

மறுவாரம் அவளாகவே ஒரு சிறுநீரக மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள். நானும் கூடப் போனேன். இளவயது டாக்டர். சர்க்கரை பார்த்தார், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார், போன பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"அம்மா, இது வயசாச்சுன்னு பொறுத்துக்கிடுற விஷயம் இல்ல. உங்க பை நிறையறதுக்கு முன்னாலயே சுருங்குது. ரொம்பப் பேருக்கு இருக்கு. யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்" என்றார். "தினம் ஒரு மாத்திரை. அந்தச் சுருக்கத்தைத் தளர்த்தும். ஒரே வாரத்துல அதிசயம் நடக்காது. நாலு வாரம் ஆகும், சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகும். வாய் நல்லாக் காயும். மலச்சிக்கல் வரலாம். கண்ணுல பிரஷர் ஏதும் இருக்கா? இல்லையே? நல்லது. பேச்சுல குழப்பம் வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே வரணும்."

"காபி குடிக்கலாமா டாக்டர்?"

"குறைங்க. படுக்கப் போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால தண்ணி வேண்டாம். ஆனா பகல்ல தண்ணியை நிறுத்திப்புடாதீங்க. யூரின் கெட்டியாப் போச்சுன்னா பைக்கு எரிச்சல் கூடும்."

கடைசி வாக்கியத்தை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று பிறகு இரண்டு பேரிடம் சொன்னேன், உண்மையில் கேட்டேன். ஆனால் அவர் "குறைங்க" என்ற சொல்லைச் சொன்னதும், மீதத்தை நான் முடிவு செய்துவிட்டேன். உள்ளே போவதைக் குறைத்தால் வெளியே வருவது குறையும். இதற்கு டாக்டர் படிப்பு எதற்கு?

அவர் ஒரு தாளும் கொடுத்தார். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தாள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனாள், அடக்க முடியாமல் போனதா என்று மூன்று நாளைக்கு எழுத வேண்டும். நான் அந்தத் தாளை முப்பது பிரதி எடுத்தேன். சமையலறையிலிருந்த கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையைக் கழிப்பறையில் வைத்தேன். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஆங்கிலத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்து முழுவதும் படித்தேன். படித்தவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் அவள் வெளியே வந்து எண்ணைச் சொல்ல, நான் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுவேன்.

"எவ்வளவு?"

"நூத்தம்பது."

"கண்ணு மட்டத்துல வச்சுப் பாத்தியா? மேலருந்து பாத்தா தப்பாத் தெரியும்."

"நான் என்ன கப்பலா? மூக்குல நம்பர் எழுதிருக்கா பாருங்க" என்று முகத்தை நீட்டுவாள். முதல் வாரம் அவளால் அப்படிச் சிரிக்க முடிந்தது.

ஒரு வாரம் முடிந்தது. மாற்றம் இல்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு முறை, பதினைந்து முறை. சித்திரை பிறந்திருந்தது, வெயில் நிலத்தில் நின்று எரிந்தது. மாத்திரை வாயைக் காயவைக்கும் என்று டாக்டர் சொன்னது பலித்தது. பேசும்போது அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் எனக்குக் கேட்கும். அடிக்கடி எழுந்துபோய் ஒரு வாய் குடித்துவிட்டு வருவாள். மாத்திரை ஒரு பக்கம் அடைக்க, இவள் மறுபக்கம் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள் என்று எனக்கு எரிந்தது.

எட்டாம் நாள் காலை ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, கறுப்பு மையால் பக்கத்தில் கோடுகள் போட்டேன். ஒன்பது மணி, பதினோரு மணி, ஒரு மணி என்று ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம் எழுதினேன்.

"இன்னையிலருந்து இதுதான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். கோட்டுக்குக் கீழ எறங்கக்கூடாது."

"டாக்டர் அப்படிச் சொல்லலியே."

"டாக்டருக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்? முப்பத்தாறு வருசம் தண்ணிய அளந்தவன் நான்."

எங்கள் தெருவில் நிலத்தடி நீர் உப்பு. குளிக்கவும் கழுவவும்தான் ஆகும். வாயில் வைத்தால் கடல் நினைவு வரும். குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். அந்தக் கேனைத் தூக்கி என் அறையில் வைத்து, வெளியே போகும்போது பூட்டிக்கொண்டு போனேன்.  

மூன்றாம் நாளே கணக்கு உதைத்தது. உள்ளே ஒரு லிட்டர். வெளியே ஆயிரத்து முந்நூறு. மறுநாள் ஆயிரத்து நானூறு. கஞ்சியில் தண்ணீர் உண்டு, ரசத்தில் உண்டு, தர்பூசணியில் உண்டு என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போதும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் வியர்வையாகப் போவதையும் சேர்த்தால் இன்னும் உதைக்கிறதே என்றுதான் என் மூளை போயிற்று. அது சரியான கேள்விதான். அவள் மறைத்துக் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் காய்ந்த ஒருத்தி வேறு என்ன செய்வாள் என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை.

வீட்டைச் சோதனை போட்டேன். பின்கட்டில் துவைகல்லுக்குப் பின்னால், சாக்கைப் போட்டு மூடிய ஒரு மண்பானை இருந்தது. பாதி நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா சுவர் மேலாக ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். நான் பானையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கித் துவைகல்லில் போட்டேன். ஓடுகள் சிதறின. ஒரு ஓடு அங்கே நின்றிருந்த என் மனைவியின் கணுக்காலில் பாய்ந்து ரத்தம் வந்தது. அவள் காலைப் பார்க்கவில்லை. மண்ணில் ஊறிப் போகிற தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாக் கள்ளத்தனம்?"

"நாக்கு ஒட்டுதுங்க. பேச முடியல. ரெண்டு மடக்குதான்..."

"பொய்க் கணக்குச் சொல்லி என்னய எழுத வச்சிருக்க!"

சுவருக்கு அப்பாலிருந்து அந்த அம்மா, "அண்ணாச்சி, பாவம் விடுங்க, தண்ணிதான குடிச்சாவ" என்றாள். "ஒங்க சோலியப் பாருங்க" என்று கத்திவிட்டு, பானையின் கழுத்தை எடுத்துச் சுவரை நோக்கி எறிந்தேன். அதோடு அந்த வீட்டிலிருந்து தண்ணீர் வருவது நின்றுபோனது.

அதற்குப் பிறகு நான்கு நாள் எண்கள் ஒழுங்காக வந்தன. ஐந்தாம் நாள் மறுபடி உதைத்தது. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவருகே போய் நின்றேன். குழாய் மெல்ல ஓடும் சத்தம். பிறகு விழுங்கும் சத்தம். ஒரு மிடறு, இன்னொரு மிடறு, மூச்சு வாங்கல், மறுபடி ஒரு மிடறு.

கதவை உதைத்தேன். இரண்டாவது உதையில் தாழ் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவள் குழாயடியில் குனிந்து இரண்டு கையையும் குவித்துப் பிடித்திருந்தாள். அந்த உப்புத் தண்ணீரை. கால் கழுவுகிற தண்ணீரை. மோவாயெல்லாம் நனைந்திருந்தது.

அந்த இடத்தில் ஒரு மனிதன் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது வெற்றி. கண்டுபிடித்துவிட்டேன் என்ற வெற்றி. தொட்டியின் வாயைத் திறந்துவிட்டேன் என்ற வெற்றி. அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிமிர்த்தி, கன்னத்தில் அறைந்தேன். புறங்கையால் மறு கன்னத்திலும் அறைந்தேன். அவள் விழாமலிருக்கக் குழாயைப் பிடித்தாள். அந்தக் கையை முறுக்கிப் பிரித்தேன். அளவுக் குவளை அங்கே இருந்தது. அதை எடுத்து அவள் தோளிலும் முழங்கையிலும் அது விரிசல் விடும்வரை அடித்தேன். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"தாகத்துக்கா அடிக்கீய?"

 நான் குழாய்க்குக் கீழே இருந்த வால்வை அடைத்துவிட்டு வந்தேன். பிறகு கூடத்தில் உட்கார்ந்து தாளில் எழுதினேன்: பன்னிரண்டு ஐந்து, அளவு தெரியாது.

அதன் பிறகு அவள் மறைத்துக் குடிக்கவில்லை. பாட்டிலில் கோட்டுக்கு மேலேயே தண்ணீர் நிற்கத் தொடங்கியது. ஒரு மணிக் கோட்டில் நிற்க வேண்டியது பதினோரு மணிக் கோட்டில் நின்றது. வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். மாத்திரையை மட்டும் நாள் தவறாமல் கையில் கொடுத்து, விழுங்குகிறாளா என்று பார்த்தேன். நான்காம் நாள் காலை அவள் மீன் குழம்புக்குப் புளி கரைக்கப் போனவள், வெறும் சட்டியில் கையை விட்டுப் பிசைந்துகொண்டே நின்றாள்.

"ஏளா, என்ன செய்த?"

"பிள்ளைங்க வந்துரும். மணி அடிச்சாச்சு."

பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினொரு வருடம் ஆகிவிட்டது. நெற்றியைத் தொட்டேன், அனலாக இருந்தது. குழப்பம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்ற வாக்கியம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

உடம்பில் தண்ணீர் இல்லை, சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டது, காய்ச்சல் மூளையைக் கலக்குகிறது, அதோடு மாத்திரையும் சேர்ந்துகொண்டது என்றார்கள். இரண்டு கையிலும் நரம்பு தேடினார்கள். வற்றிப்போன நரம்பில் ஊசி ஏறவில்லை. பிழைப்பாளா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் பணியில் இருந்த பெண் டாக்டர். வலது கையில் ஊசி போடச் ரவிக்கைக் கையை மேலே ஏற்றியபோது, தோளிலிருந்து முழங்கைவரை கன்றிக் கிடந்ததை அவர் பார்த்தார்.

"இது எப்படி?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா."

இது முதல் பொய்.  அந்த நேரத்தில் ஒரு நர்ஸ், உதட்டை நனைக்கலாம் என்று ஒரு டம்ளரில் தண்ணீரும் பஞ்சுமாக வந்து, குனிந்து வாயருகே நீட்டினாள். கண் திறக்காமல் கிடந்த என் மனைவி அந்த டம்ளர் உதட்டில் பட்டதும் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். ஊசி தெறித்தது.

"நான் குடிக்கல. குடிக்கவே இல்ல. பாருங்க, கோடு எறங்கல..."

நர்ஸ் டம்ளரோடு அப்படியே நின்றாள். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க வெளிய இருங்க" என்றார். சார் என்று சொல்லவில்லை.

அவளுடைய தம்பி நாசரேத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பத்து வயது இளையவன். கல்யாண நாளிலிருந்து என்னை அத்தான் என்றும் நீங்க என்றும் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. நேராக உள்ளே போனான். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தான்.

"அத்தான், அக்கா கையில என்ன?"

"பேச்சுக் கேக்கல. தண்ணியக் கொறைன்னா கொறைக்கல. கோவத்துல லேசா..."

இது இரண்டாவது பொய்.

"லேசாவா?" என்றான். அடுத்த சொல் வரும்போது அத்தான் போய்விட்டது. "ஏலே, தண்ணிக்கால அடிச்ச? பொட்டச்சி தண்ணி குடிச்சதுக்கால அடிச்ச?" என்று என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். பின்மண்டை இடித்து எனக்குக் கண் இருண்டது. மறுபடியும் மோதினான். சட்டைப் பொத்தான்கள் தெறித்து ஓடின.

நான் அடியை வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை. நெற்றியால் அவன் மூக்கில் முட்டினேன். அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி என் வேட்டியில் சிந்தியது. உள்ளே என் மனைவி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, வெளியே நான் எழுபத்து மூன்று வயதில் கையை ஓங்கிக்கொண்டு நின்றேன். வாசல் காவலர்கள் இரண்டு பேர் வந்து எங்களைப் பிரித்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்த ஒரு மீனவப் பெண், "சாவப்போற வயசுல சண்ட போடுதாவ பாரு, சேவலு மாதிரி" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள் அவளுக்குத் தெளிவு வந்தது. கையில் இருந்த காயத்துக்காக ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், ஒரு பெண் காவலர் வந்து விசாரித்தார். கேஸ் வேண்டாம் என்றாள். "ஆனா என்னய அவுககூட அனுப்பிராதீங்க" என்றும் சொன்னாள். அதைக் காவலர் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் தம்பி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். நான் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். வண்டி என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் நேரே பார்த்துக்கொண்டு போனாள்.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நான் முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போனேன். ஏதோ ஒரு விதத்தில் மருந்தின் மேல் பழியைப் போட முடியுமா என்றுதான் போனேன். அவள் மறைத்துக் குடித்ததைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"சார், நீங்க எந்தப் பத்தியைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"அளவு."

"நான் பாக்கச் சொன்னது தடவை. இங்க பாருங்க. முதல் வாரம் பதினாலு, பதினஞ்சு. பத்தாவது நாள் பன்னெண்டு. பதினஞ்சாவது நாள் ஒன்பது. துணி நனைஞ்சதுன்னு நீங்க போட்ட குறி கடைசி ஆறு நாள்ல ஒண்ணுதான் இருக்கு. அவங்க மறைச்சுக் குடிச்சுகிட்டு இருந்தப்பவே குறைஞ்சிருக்கு. மாத்திரை வேலை செஞ்சிருக்கு சார்."

தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். தடவை என்ற பத்தியையும் நான்தான் எழுதியிருந்தேன். அவளைக் குளியலறையில் அடித்த நாளின் முந்தின நாள், அவள் எட்டு முறைதான் போயிருந்தாள்.

அவளுக்கு வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது வாயைக் காய வைக்காதாம். ரத்த அழுத்தத்தை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தம்பி வீட்டில் நன்றாக இருக்கிறாள், கோயிலில் ஆராதனை முடியும்வரை உட்காருகிறாள் என்றார்கள். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தேன். வீட்டில் நான் மட்டும். ஒரு சொல் பேச ஆளில்லை. கடைசியில் அவர்கள் ஊர்க் கோயில் ஐயரைப் போய்ப் பார்த்தேன். எங்களில் குருவானவரை ஐயர் என்போம். அவர் ஏன் இப்படி நடந்தது என்று கேட்டார். நோயில் அவள் பட்ட பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் மூளை கலங்கிவிட்டது என்றேன். அது மூன்றாவது பொய். அவர் நம்பி, என்னை அழைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார்.

காலை பத்து மணி. முன்கூடத்தில் நாற்காலி போட்டார்கள். தம்பி கதவில் சாய்ந்து நின்றான். அவன் மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது. அவள் வந்து ஐயருக்கு எதிரே உட்கார்ந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தது. என் எதிரிலேயே அண்ணாந்து குடித்துவிட்டு வைத்தாள்.

ஐயர் ஜெபம் செய்தார். பிறகு, "அம்மா, அவர் மனம் வருந்தி வந்திருக்கார். கர்த்தர் நம்மள மன்னிச்ச மாதிரி நாமளும் மன்னிக்கணும் இல்லையா?" என்றார்.

"மன்னிச்சாச்சு ஐயா."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப கெளம்பு. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன்.

"வரமாட்டேன்."

"மன்னிச்சேன்னு சொன்னியே."

"சொன்னேன். மன்னிக்கதுக்கு ஒங்க வீட்டுலதான் இருக்கணும்னு எங்கன எழுதிருக்கு? நான் பாக்காத வேதமா?" என்றாள். குரல் உயரவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரல்.

"அம்மா, கொஞ்சம் யோசிங்க" என்றார் ஐயர். "அவர் இப்ப மாறிட்டார். வயசாயிட்டுது. தனியாக் கெடந்து என்ன செய்வார்?"

"தண்ணி குடிச்சுகிட்டுக் கெடக்கட்டும்" என்றான் தம்பி கதவோரத்திலிருந்து.

அவள் சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்புதான். பல மாதங்களுக்குப் பிறகு நான் கேட்ட அவள் சிரிப்பு. அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. எனக்குள் அந்தப் பழைய சூடு ஏறியது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு அடியும் எடுத்து வைக்கவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே பார்த்தாள்.

"ஐயா, அவுக வலது கையப் பாருங்க" என்றாள்.

ஐயர் பார்த்தார். தம்பி பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியின் மேல் என் கை, விரல் முட்டிகள் வெளுக்க முஷ்டியாக இறுகியிருந்தது. அதை விரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.